சீனித்தாய் மூச்சு தெருவுல குடியிருந்த கதை

சீனித்தாய ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு மூணு நாளைக்கு முந்தியே அவ மூச்சு வீடு வந்து சேந்துருச்சு.

அத மொதல்ல பாத்தது எதுத்த வீட்டுக் கனகு. பங்குனிக் கடைசி, உச்சி மத்தியானம், ஓடைத் தெருவுல வேப்ப எல கூட அசையாம தொங்கிக்கிட்டு இருக்கு, கனகு வாசல்ல சம்மணம் போட்டுத் தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கா, ஒட்டுன பசை காயாம வெரல்ல பிசுபிசுன்னு இழுக்குது, அந்த நேரத்துல பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒரு காத்து, வெள்ளாட்டங்குட்டி ஒசரம் இருக்கும், அவசரமே இல்லாம தெரு நடுவுல நடந்து வருது. வந்தது ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, தொங்கவிட்ட சேலைய வெலக்கி உள்ள எட்டிப் பாத்து, அடுப்புல என்ன கொதிக்குதுன்னு மோந்து, ‘ம்க்கும்’னு ஒரு கனைப்புக் கனைச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போகுது. வெத்தலையும் கிராம்பும் கலந்த வாசம். கனகு தலைய நிமித்தாமயே, "வாங்க மதினி, எப்ப வந்தீக"ன்னு கேட்டுட்டா. கேட்ட பெறகுதான் மதினி பெரியாஸ்பத்திரியில மூக்குல குழாயோட குப்புறப் படுத்துக் கெடக்கிறது அவளுக்கு ஞாபகம் வந்துச்சு.

அதுக்கப்பறம் தெருவுல யாருக்கும் சந்தேகமே வரல. அந்தக் கனைப்புக் கனைக்கிறது பூமியில ஒரே ஆளு.

சீனித்தாய்க்கு அம்பத்திரெண்டு வயசு. காய்ச்சல் வர்றதுக்கு முந்தி அவ ஒரு பேச்சு ஆரம்பிச்சா அது அவ வீட்டுல தொடங்கி ஓட்டு வீடு, மச்சு வீடு, மளிகைக்கடை எல்லாத்தையும் தாண்டி, பஜார்ல சைக்கிள் கடை வச்சிருக்கிற அவ புருசன் குருவையா காதுல போய்த்தான் முடியும், நடுவுல ஒரு எடத்துலயும் மூச்சு விட மாட்டா. பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்கிற மனுசன் கையில இருக்கிறத அப்படியே போட்டுட்டு எந்திரிச்சிருவாரு. அப்பேர்ப்பட்டவள ஒரு கிருமி, கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமி, நெஞ்சுக்குள்ள எறங்கிப் பத்தொம்பது நாள் புரட்டிப் போட்டுருச்சு. கிருமி போயிருச்சு, நுரையீரல்தான் பழைய மாதிரி விரிய மாட்டேங்குதுன்னு டாக்டர் சொன்னத, பாக்கப் போனவுக ஆளுக்கொரு விதமா வந்து சொன்னாக. ஒருத்தர் சுருங்கிப் போன பலூன்னாரு. ஒருத்தர் கருகுன ஊத்தப்பம்னாரு. கனகு சேலை முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டா.

ஆட்டோவுல இருந்து எறங்கி வாசப்படிக்கு பதினோரு எட்டு. சீனித்தாய் நடுவுல ரெண்டு தடவ உக்காந்தா. ஒரு மூச்சுக்கு மூணு வார்த்தைதான் வந்துச்சு. "கதவத் தொறந்து வையி"ன்னு சொல்லிட்டு, இளைச்சு, பெறகு "வெக்கையா இருக்கு"ன்னு சொல்லிட்டு, இன்னும் நெறையப் பாக்கி வச்சுட்டுக் கட்டில்ல சாஞ்சா. அப்ப சன்னல் பக்கம் அவ மூச்சு வந்து நின்னுச்சு. கம்பி வழியா அவள உத்துப் பாத்துச்சு, யாரோ ஒரு தெரியாத பொம்பளையப் பாக்கிற மாதிரி. பாத்துட்டு, திரும்பி, கனகு வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போயி அங்க காயப் போட்டிருந்த தீப்பெட்டிகளுக்கு மேல சாவகாசமா உக்காந்துக்கிச்சு.

நம்ம மூச்சுக்கே நம்மள அடையாளம் தெரியலையேன்னு சீனித்தாய் நெனச்சா. நெனைக்கிறதுக்கு மூச்சு வேண்டாம், அதனால அன்னிக்குப் பூரா நெனச்சுக்கிட்டே கெடந்தா.

குருவையா சும்மா இருக்கல. ஊருக்கெல்லாம் காத்தடிச்சு விடுறவரு பொண்டாட்டிக்குக் காத்து இல்லாமக் கெடக்கிறதப் பாத்துக்கிட்டு இருப்பாரா. மறுநாள் காலையில கடையில இருந்து கைப் பம்பத் தூக்கிக்கிட்டு, அதுல புது வாஷர் மாட்டி எண்ணெய் விட்டுக் கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டுவந்து நிறுத்திட்டாரு. அந்த நேரம் பாத்துத்தான் ஜெபக்கனி உள்ள நொழைஞ்சுச்சு. மூச்சுப் பயிற்சி குடுக்கிற பொண்ணு, கவருமெண்டுல இருந்து செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டர்ல வரும். ஒல்லியான ஒடம்பு, முதுகுல ஒரு பையி, வாத்தியாரம்மா குரலு. பம்பப் பாத்துச்சு, குருவையாவப் பாத்துச்சு, அண்ணாச்சி இத மொதல்ல வெளிய வச்சுட்டு வாங்கன்னு தன்மையாத்தான் சொல்லுச்சு, அவரு அத வச்சுட்டு வந்ததோட சரி, அந்தப் பொண்ணு இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்கல.

சீனித்தாய் சன்னலக் காட்டுனா. "எம் மூச்சு வெளிய", இளைப்பு, "நிக்குது பாரு தாயி."

ஜெபக்கனி எட்டிப் பாத்துச்சு. கண்ணுக்கெட்டுன தூரத்துலதான இருக்கு, சில பேருக்கு எங்க போச்சுன்னே தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே பையத் தொறந்து ஒரு கண்ணாடி டப்பாவ எடுத்து வச்சுச்சு. டப்பாவுக்குள்ள மூணு அறை, அறைக்கொரு பந்து, கீழ ஒரு குழாயி. குழாய வாயில வச்சு உள்ள இழுக்கணும், ஊதக் கூடாது, இழுக்க இழுக்கப் பந்து ஒவ்வொண்ணா மேல ஏறும். சீனித்தாய் கண்ண மூடிக்கிட்டு இழுத்தா. மொதப் பந்து ஒரு துள்ளு துள்ளிட்டுக் கீழ விழுந்துச்சு. அதே நேரம் எதுத்த தாழ்வாரத்துல உக்காந்திருந்த மூச்சு, யாரோ கூப்பிட்ட மாதிரி, தலையத் தூக்கிப் பாத்துச்சு.

ஜெபக்கனி அதக் கவனிச்சுக்கிட்டே இருந்துச்சு. எந்திரிச்சுப் போயி, கனகு வீட்டு வாசல்ல சாக்பீஸால ஒரு கோடு, தெரு நடுவுல ஒரு கோடு, சீனித்தாய் வீட்டுப் படியில ஒரு கோடு போட்டுட்டு வந்துச்சு. மொதப் பந்து மேல நின்னா மூச்சு மொதக் கோட்டுக்கு வரும், ரெண்டு நின்னா நடுத்தெரு, மூணும் நின்னா படியேறி உள்ள வந்துரும்னு கணக்குச் சொல்லுச்சு. பூவ மோந்து பாக்கிற மாதிரி மூக்கால இழுங்க, விளக்கு அணையாம ஊதுற மாதிரி உதட்டக் குவிச்சு விடுங்க, மத்தியானம் குப்புறப் படுங்க, சளி கட்டுனா கைய குழிச்சு முதுகுல தட்டச் சொல்லுங்க, வெரல்ல இந்தக் கிளிப்ப மாட்டுனா ஒரு எண்ணு வரும், தொண்ணூத்தஞ்சுக்கு மேல நல்லது, தொண்ணூறுக்குக் கீழ போனா எனக்குப் போன் பண்ணுங்க. அன்னிக்கு எண்ணு தொண்ணூறு.

தெரு என்ன செஞ்சுச்சுன்னா, தெருவுக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஓடைத் தெருவுக்குக் குழாயில தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வரும், ஒரு மணி நேரம் வரும், எப்ப வரும்னு தெரியாது, அதனால அங்க பொறந்த பிள்ளைக்கு நடக்கத் தெரியிறதுக்கு முந்தியே குடத்தத் தூக்கத் தெரியும். எது வந்தாலும் மொறை வைப்பாக. சீனித்தாய் மூச்சுக்கும் மொறை வச்சாக. காலையில கனகு வீட்டுத் தீப்பெட்டிக்கு. பத்து மணிக்குப் பேறுகாலத்துக்கு வந்திருக்கிற பாண்டீஸ்வரியோட பச்சப்பிள்ளை தொட்டிலுக்கு. கரண்டு போனா ரிட்டயர்டு லைன்மேன் அய்யாத்துரை ஈசிச்சேருக்கு. சாயங்காலம் யாரு அடுப்பு புகையுதோ அவுகளுக்கு. தெருவுல அக்கி வரல, வேக்குரு வரல, சித்திரை வெயில்ல பிள்ளைக அழுகாம தூங்குச்சுக. பக்கத்துத் தெருக்காரவுக எங்களுக்கும் ஒரு மணி நேரம் விடுங்கன்னு கேட்டு வந்தப்ப அய்யாத்துரை, கரண்டாபீஸ்ல புகார் வாங்குற அதே தோரணையில, இது எங்க தெரு லைனு, ஒங்களுக்குத் தனியா மனுப் போடுங்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு.

மூச்சும் சொகுசு கண்டுருச்சு. போற வீட்டுல எல்லாம் உக்கார மணை போட்டாக, வாசத்துக்குக் கொஞ்சம் வெத்தலை கிள்ளி வச்சாக. சீனித்தாய் நெஞ்சுக்குள்ள இருந்தப்ப அதுக்கு என்ன வேலை, வசவு சுமக்கிற வேலைதான.

இது எல்லாத்தையும் கட்டில்ல கெடந்து பாத்துக்கிட்டே சீனித்தாய் பந்த இழுத்தா. வைகாசி மொதல்ல ஒரு பந்து நின்னுச்சு, மூச்சு வேண்டா வெறுப்பா மொதக் கோட்டு வரைக்கும் வந்து திரும்பிப் போச்சு. வைகாசி பாதியில ரெண்டாவது பந்து நடுங்க ஆரம்பிச்சது. எண்ணு தொண்ணூத்திமூணு ஆச்சு. ஆனா அவ ஒவ்வொரு தடவ இழுக்கிறப்பவும் எதுத்தாப்புல ஏதாவது ஒண்ணு நின்னு போகும். தொட்டில் நின்னு பிள்ளை வீல்னு கத்தும். அய்யாத்துரை ஈசிச்சேர்ல இருந்து உச்சுக் கொட்டுவாரு. ஒருநா கனகு வந்து, கட்டில் கால்மாட்டுல உக்காந்து, சேலை நுனிய முறுக்கிக்கிட்டு, மதினி நீங்க நல்லா வரணும், அதுல மாத்தமே இல்ல, இந்த வாரம் தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு கேக்காக, ஒரு நாலு நாளு மட்டும் அந்த டப்பாவத் தொடாம இருந்தா பசை காஞ்சிரும்னு கேட்டா.

கனகு கெட்டவ இல்ல. ஆஸ்பத்திரியில பத்தொம்பது நாளும் சோறு கொண்டு போனவ அவதான். சீனித்தாய் தலைய ஆட்டுனா. வேற என்ன செய்ய, வேண்டாம்னு வெளக்கிச் சொல்ல ஒரு முப்பது வார்த்தையாவது வேணும், அவகிட்ட மூணுதான் இருக்கு. நாலு நாளு பத்து நாளாச்சு. நாம இல்லாட்டி தெரு நல்லாத்தான் இருக்கும்போலன்னு ஒரு நெனப்பு வந்து நெஞ்சு மேல அம்மிக்கல்லாட்டம் உக்காந்துக்கிச்சு. எண்ணு தொண்ணூத்தொண்ணுக்கு எறங்குச்சு.

செவ்வாக்கெழம ஜெபக்கனி வந்து எண்ணப் பாத்துட்டு, டப்பா மேல படிஞ்ச தூசிய வெரலால தடவிப் பாத்துச்சு. அப்பத்தான் குருவையா, ரெண்டு மாசமா அந்தப் பொண்ணு முன்னாடி வாயத் தொறக்காத மனுசன், தொறந்தாரு. ஆனி பாதி தாண்டியாச்சு. ஆனிக் கடைசியில மேகாத்து எறங்கிரும், மேக்க மலையில இருந்து வர்ற பெருங்காத்து, எறங்குச்சுன்னா ஆடி முடியிற வரைக்கும் நிக்காது, கூரை ஓடே நிக்காத எடத்துல ஒரு மூச்சு எங்க நிக்கும். போன ஆடியில பக்கத்து ஊரு மாரிக்காளையோட மூச்சு இப்படித்தான் வெளிய சுத்திக்கிட்டு இருந்துச்சு, மேகாத்து வந்து ஒரே அள்ளுல கெழக்க கடலுக்குக் கொண்டு போயிருச்சு. இன்னமும் அவரு பஸ் ஸ்டாண்டுல கெழக்கப் பாத்து உக்காந்திருக்காரு. எந்த பஸ்ஸுல திரும்பி வரும்னு தெரியாததால எல்லா பஸ்ஸையும் பாக்குறாருன்னு சொல்லி முடிச்சாரு.

சீனித்தாய் டப்பாவக் கையில எடுத்தா. அன்னைல இருந்து காலையில பத்து, மத்தியானம் பத்து, சாயங்காலம் பத்துன்னு இழுத்தா. கன்னம் குழிஞ்சு, கழுத்து நரம்பு பொடைச்சு, கண்ணுல தண்ணி வர இழுத்தா. ரெண்டாவது பந்து நின்னுச்சு. மூச்சு நடுத்தெருவுல வந்து நின்னு, இங்கிட்டு ஒரு பார்வை அங்கிட்டு ஒரு பார்வை பாத்துச்சு. மூணாவது பந்து அசைய மாட்டேங்குது. தூரத்துல மேக்க, மலைக்கு மேல, மேகம் வேகமா ஓட ஆரம்பிச்சிருச்சு.

மாரிக்காளை கதை தெருவுக்கும் தெரியும். தெரு பயந்துச்சு. நெசமாத்தான் பயந்துச்சு, சிலருக்கு சீனித்தாய நெனச்சு, சிலருக்குத் தீப்பெட்டிய நெனச்சு, ரொம்பப் பேருக்கு எதுக்காகன்னு பிரிச்சுப் பாக்க முடியல. பயந்த தெரு, பொறந்ததுல இருந்து எதச் செய்யப் பழகுச்சோ அதச் செஞ்சுச்சு. புடிச்சு வச்சுச்சு.

வெள்ளிக்கெழம காலையில சீனித்தாய் கொல்லையில குளிச்சிக்கிட்டு இருக்கிற நேரமா, பத்தொம்பது வீட்டுலயும் குடத்தக் கவுத்துத் தண்ணிய ஊத்திட்டு, அடிபைப்புல நிக்கிற மாதிரி வரிசையா நின்னு, பச்சைக் குடம், செகப்புக் குடம், அய்யாத்துரை வீட்டு எவர்சில்வர் குடம், மொத்தம் இருவத்திரெண்டு குடத்துல அவ மூச்ச மொண்டு மொண்டு அடைச்சு, வாயில பிளாஸ்டிக் தாளப் போட்டு ரப்பர்பேண்டால கட்டி, அடுப்படியில, கட்டிலுக்குக் கீழ, சாமி படத்துக்கு முன்னால, சிந்தாமச் சிதறாம எறக்கி வச்சுட்டாக. கடைசிக் குடத்த கட்டிட்டு கனகு நிம்மதியா முகத்தத் தொடச்சா. இனி எந்தக் காத்து வந்தாலும் மதினி மூச்சு பத்திரம்.

சீனித்தாய் துண்டோட நடுவீட்டுக்கு வந்தா. கட்டிலப் புடிச்சா. மூச்ச உள்ள இழுத்தா, ஒண்ணும் வரல. கதவு சாத்துன வீட்டுல மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு, இருவத்திரெண்டு எடத்துல ஒரே நேரத்துல மாட்டிக்கிட்ட மாதிரி. கத்தணும்னு வாயத் தொறந்தா, மூணு வார்த்தை இல்ல, ஒரு வார்த்தை கூட இல்ல. குருவையா வந்து வெரல்ல கிளிப்ப மாட்டுனாரு. எம்பத்தாறு. நகம் ஊதாப்பூ நெறத்துக்கு மாறிக்கிட்டு வருது. அவரு ஜெபக்கனிக்குப் போன் பண்ணிட்டுத் தெருவுக்கு ஓடுனாரு, காத்து எங்கன்னு கேட்டாரு. எல்லாரும் ஒருசேரச் சிரிச்ச முகத்தோட, கவலைப்படாதீகண்ணே, புடிச்சு வச்சாச்சுன்னாக.

ஜெபக்கனி வர்றப்பவே ஸ்கூட்டர் ஆடிக்கிட்டு வந்துச்சு. மேகாத்து ரோட்டுக்கு எறங்கிருச்சு. உள்ள போயி சீனித்தாய முன்னால குனிஞ்சு உக்கார வச்சு, ரெண்டு கையையும் முட்டி மேல ஊன வச்சு, அழுத்திச் சுவாசிக்காதீக, மெதுவா, மெதுவான்னு முதுகத் தடவி விட்டுட்டு வெளிய வந்து தெருவப் பாத்துச்சு. ஆளுக்கொரு குடத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்காக.

"தண்ணியப் புடிச்சு வச்சா தண்ணியா இருக்கும்க்கா. மூச்சப் புடிச்சு வச்சா மூச்சா இருக்காது. அவுங்களுக்கு உள்ள உசுரு போயிக்கிட்டு இருக்கு. தொறந்து விடுங்க."

தொறந்தா மேகாத்து கொண்டு போயிருமேன்னு கனகு கேட்டா.

குருவையாதான், வீட்டுக்குள்ள இத்தனை குடமும் இத்தனை ஆளும் கொள்ளாதுன்னு, கட்டிலோட அவளத் தெருவுக்குத் தூக்கச் சொன்னாரு. தெருவோட மேக்கு வாய, தார்ப்பாய், சாக்குப்படுதா, கல்யாணச் சேலை, போர்வைன்னு கட்டி அடைச்சாக, அது பத்தாம ஆம்பளைக தோளோட தோள் ஒட்டிச் சொவரு மாதிரி நின்னாக. பொம்பளைக வரிசையில நின்னாக, அதே வரிசை, அதே குடம், அதே தள்ளுமுள்ளு, என்ன ஒண்ணு, இந்தத் தடவ புடிக்கிறதுக்கில்ல. மொதக் குடத்த அவ மூக்குகிட்டக் கொண்டு போயி ரப்பர்பேண்டக் கழட்டுனாக. வெளிய வந்த மூச்சு அந்தரத்துல தெகைச்சு நின்னுச்சு. யாரும் அத உள்ள தள்ள முடியாது, பம்பு வச்சும் முடியாது. நீங்கதான் இழுக்கணும், பந்த நெனச்சுக்கோங்கன்னு ஜெபக்கனி காதுல சொல்லுச்சு. சீனித்தாய் பூவ மோந்து பாக்கிற மாதிரி இழுத்தா.

மொதக் குடத்து மூச்சுல தீப்பெட்டிப் பசை வாசம் இருந்துச்சு. ரெண்டாவதுல பிள்ளைக்குத் தேய்க்கிற வசம்பு வாசம். மூணாவதுல அய்யாத்துரை மூக்குப்பொடி, தும்மலே வந்துருச்சு, நல்லது, தும்முங்க, சளி கழலட்டும்னுச்சு ஜெபக்கனி. நாலு, அஞ்சு, ஆறு. ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு வீட்டுக் கொழம்பு, ஒரு வீட்டுச் சண்டை, ஒரு வீட்டுத் தாலாட்டு உள்ள போச்சு. எம்பத்தெட்டு. எம்பத்தொம்போது. குருவையா எண்ணச் சத்தமாப் படிக்காரு, தெரு திருப்பிச் சொல்லுது, சாமி பேரு சொல்ற மாதிரி. பத்தாவது குடத்துல தொண்ணூத்தொண்ணு. பதினாலாவதுல தொண்ணூத்திமூணு. பதினஞ்சாவது குடம் தொறந்து அவ இழுத்து முடிக்கிறப்ப, தார்ப்பாய் டர்ருன்னு கிழிஞ்சுச்சு.

மேகாத்து ஆம்பளைகளத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துச்சு. மண்ணு கண்ண மறைச்சுச்சு. மிச்ச ஏழு குடத்துல பிளாஸ்டிக் தாளு படபடன்னு அடிச்சு ஒவ்வொண்ணா அந்துச்சு. கனகு ஒரு குடத்து மேல கவுந்து படுத்துப் பாத்தா, அவ வயித்துக்கு அடியில இருந்தே உருவிக்கிட்டுப் போச்சு. வெத்தல வாசத்தோட ஏழு காத்துக, வெள்ளாட்டங்குட்டி மாதிரி, ஒண்ணு பின்னால ஒண்ணா, ஓடையத் தாண்டி, கெழக்க, திரும்பிப் பாத்துக்கிட்டே போனதத் தெரு பாத்துச்சு.

எண்ணு தொண்ணூத்தி நாலுல நின்னுருச்சு.

அதுக்கப்பறம் நாலு நாளு அவ வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரல. வர முகம் இல்ல. கதவு இடுக்கு வழியாப் பாத்துக்கிட்டாக. கனகு தீப்பெட்டிய வீட்டுக்குள்ள வச்சே ஒட்டுனா. அஞ்சாம் நாளு ஜெபக்கனி வந்து, இன்னிக்கு ஆறு நிமிசம் நடந்து பாக்கணும், தெருக்கோடி வரைக்கும், இளைச்சா நின்னுக்கலாம்னு சொல்லிச் சீனித்தாய வெளிய கூட்டிட்டு வந்துச்சு. வெரல்ல கிளிப்பு. பின்னால குருவையா ஸ்டூலத் தூக்கிக்கிட்டு. மேகாத்து சேலைய இழுக்குது. நாலு எட்டு, பத்து எட்டு. கனகு வீட்டுக்கு நேரா வந்ததும் சீனித்தாய் நின்னா. இளைப்புக்கு நிக்கல. இடுப்புல கைய வச்சா.

"ஏட்டி கனகு, ஒன்னய..."

அவ்வளவுதான். மூணோட நின்னு போச்சு. வாய் தொறந்தபடியே இருக்கு, முகம் செவந்து போச்சு, உள்ள இருந்து வர வேண்டியது வரல. குருவையா ஸ்டூல எறக்கி வச்சாரு. ஜெபக்கனி கிளிப்பப் பாத்துச்சு.

அப்ப பாண்டீஸ்வரி, பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, தன் வாசல்ல இருந்து, தனக்கே தெரியாம, அச்சு அசல் சீனித்தாய் குரல்ல, "...நம்பி ஒரு வீட்டு மூச்சக் குடுத்தா, நீ ஊறுகாய் மாதிரி கட்டியாடி வைப்ப"ன்னா. சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டா. ஆனா அதுக்குள்ள அய்யாத்துரை ஈசிச்சேர்ல இருந்து, அந்தக் கனைப்போட, "ம்க்கும், இந்தக் கெழட்டுக் கரண்டு மரத்துக்கும் அறிவு எங்க போச்சு, எவர்சில்வர் குடம் வேற"ன்னு தன்னையே வஞ்சாரு. பக்கத்து வீடு வாங்கிக்கிச்சு. அதுக்கடுத்த வீடு வாங்கிக்கிச்சு. ரெண்டரை மாசம் அவ மூச்சு எந்தெந்த வீட்டுல உக்காந்து எந்திரிச்சுச்சோ அந்தந்த வீடெல்லாம், அவ என்ன சொல்ல வந்தாளோ அதே வார்த்தைய, அதே ஏத்த எறக்கத்தோட, ஒரு எடத்துலயும் அறுபடாம, வாசலுக்கு வாசல் தாண்டித் தாண்டிக் கொண்டு போயி, கடைசியில கனகு வாசல்ல எறக்கி வச்சுச்சு. கனகு எந்திரிச்சு வந்தா. இடுப்புல கைய வச்சா. கண்ணுல தண்ணி ஓடுது, குரல் மட்டும் மதினி குரலு.

"...கோழிக்குஞ்சு மாதிரி எம் மூச்ச அடைச்சு வச்சுட்டு அஞ்சு நாளா எட்டிப் பாக்காம இருக்கியே, ஒரு வாய் காப்பித்தண்ணி கொண்டு வந்து குடுக்க ஒனக்கு என்னடி கேடு?"

சீனித்தாய் ஆமான்னு தலைய ஆட்டுனா. அதத்தான் சொல்ல வந்தா, அப்படியே.

யாரும் சிரிக்கல. எல்லாரும் கிளிப்பப் பாத்தாக. தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி மூணு, மறுபடி தொண்ணூத்தி நாலு. ஜெபக்கனி கடிகாரத்தப் பாத்துட்டு, இன்னும் நாலு நிமிசம் பாக்கி, போயிருவோமான்னு கேட்டுச்சு. சீனித்தாய் கொஞ்சம் பொறுன்னு கையக் காட்டிட்டு, உதட்டக் குவிச்சு மெதுவா விட்டு, மூக்கால உள்ள இழுக்க ஆரம்பிச்சா. அவ இன்னும் முடிக்கலங்கிறது தெருவுக்குத் தெரியும். பத்தொம்பது வாசல்லயும் நின்னவுக, அவளோட சேந்து, வாயத் தொறந்து வச்சுக்கிட்டுக் காத்து நின்னாக.